ஷெட்டில் தொங்கும் கண்ணாடி: தோட்ட வேலையும் பாதுகாப்பும்

சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் தோட்டங்களைப் பராமரிக்கும் சிறிய குழு ஒன்றை நடத்தி வருகிறேன். புல்தரை, வேலிச்செடி, தொட்டிச்செடிகள், மதிலோரம் சில தென்னை, ஒன்றிரண்டு வேம்பு, புங்கை. ஒவ்வொரு வளாகத்திலும் ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்திலோ படிக்கட்டுக்கு அடியிலோ எங்களுக்கு ஒரு ஷெட் ஒதுக்கியிருப்பார்கள். புதிதாக ஓர் இடத்தை எடுத்து, முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன ஷெட்டைத் திறந்தால் ஆணியில் ஒரு பாதுகாப்புக் கண்ணாடி மாட்டியிருக்கும். மேலே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக்கூடப் பிரித்திருக்க மாட்டார்கள்.

"வாங்கிக் கொடுத்தாச்சு, போடாதது அவங்க தப்பு" என்று இந்தத் தொழிலில் பலர் பேசுவார்கள். எனக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கை இல்லை. ஏன் போடவில்லை என்று வேலை செய்பவரிடமே உட்கார்ந்து கேட்டால் பெரும்பாலும் நியாயமான பதில்தான் வரும். அதை வைத்துப் பொருளையோ நேரத்தையோ வேலை செய்யும் முறையையோ மாற்றினால் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும். மீதிப் பாதி குடியிருப்போர் அசோசியேஷனோடு போடும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. கீழே எழுதியிருப்பதெல்லாம் அப்படிக் கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்டவை.

புல் வெட்டும் கை மெஷினான பிரஷ் கட்டரிலிருந்து ஆரம்பிக்கலாம். தோட்டத்தில் கண்ணைப் பறிகொடுக்க அதைவிடச் சுலபமான வழி இல்லை. அதன் நைலான் நூல் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றுகிறது. புல்லுக்குள் கிடக்கும் ஜல்லியோ பாட்டில் மூடியோ அதில் பட்டால் எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வெட்டுபவரிடமிருந்து 15 மீட்டருக்குள் வேறு ஆள் நிற்கக் கூடாது என்று மெஷினோடு வரும் கையேடே சொல்கிறது. ஆபத்து எல்லோருக்கும் தெரிந்ததுதான். அப்படியும் கண்ணாடி போடாததற்குக் காரணம் சென்னையின் காற்று. முகத்தோடு ஒட்டி மூடும் கண்ணாடியைப் போட்டு வேலை தொடங்கிய கொஞ்ச நேரத்தில் உள்ளே ஆவி படிந்து எதிரே இருப்பது எதுவும் தெரியாது. கண் தெரியாமல் மெஷின் ஓட்டுவதைவிடக் கண்ணாடி இல்லாமல் ஓட்டலாம் என்று அவர்கள் முடிவெடுக்கிறார்கள். அந்த முடிவில் என்ன தவறு?

இதற்கு எங்களுக்கு ஒத்துவந்தது கம்பிவலை முகக்கவசம். தலையில் மாட்டிக்கொண்டு முகத்துக்கு முன்னால் இறக்கிவிடும் வகை. காற்று உள்ளே வந்து போவதால் ஆவி படியாது. நுண்ணிய தூசியும் தழைச் சாறும் வலை வழியே வரும் என்பதால், உள்ளே பக்கங்கள் திறந்த, சாதாரண மூக்குக்கண்ணாடி மாதிரியான பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றையும் போட வேண்டும். இரண்டும் சேர்ந்தாலும் பெரிய விலை இல்லை. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: இந்த வலை மருந்து தெளிக்கும்போது எதற்கும் உதவாது. திரவம் நேராக முகத்தில் விழும்.

கல் பறப்பதைத் தடுக்க, ஒரு சட்டத்தில் பச்சை வலையைக் கட்டி, வெட்டும் ஆளோடு இன்னொருவர் அதைப் பிடித்துக்கொண்டு நகரும் முறை எங்களிடம் உண்டு. அதற்கு ஓர் ஆளின் கூலி கூடுதலாக ஆகும். நடைபாதையில் குழந்தைகள் விளையாடுகிறார்கள் என்று எத்தனை முறை சொல்லிக் கேட்டும் ஓர் அசோசியேஷன் அதற்குச் சம்மதிக்கவில்லை. பார்க்கிங்கில் ஒரு கார்க் கண்ணாடி உடைந்ததும் அடுத்த வாரமே சம்மதம் வந்தது. இதில் எனக்குக் கசப்பு இருந்தாலும் பாடம் தெளிவாக இருந்தது. இப்போதெல்லாம் கொட்டேஷனிலேயே "வாகனங்களுக்குச் சேதம் வராமல் தடுக்கும் வலையும் உதவியாளும்" என்று எழுதிவிடுகிறேன். காருக்காக வரும் வலை மனிதரையும் காப்பாற்றும்.

இரண்டு விஷயங்களில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஒன்று, மெஷினில் கல் தெறிக்காமல் மறைக்கும் தடுப்பான கார்டைக் கழற்றுவது. ஈரப்புல் அடைத்துக்கொள்கிறது என்று கழற்றிவிடுவார்கள். மழைக்காலத்தில் புல்லைக் காயவிட்டு வெட்டினால் அடைப்பு குறையும், கழற்ற வேண்டிய தேவையும் வராது. இன்னொன்று, நைலான் நூல் சீக்கிரம் தேய்கிறது என்று அதற்குப் பதில் இரும்புக் கம்பியை மாட்டுவது. அறுந்த கம்பித் துண்டு தோட்டா வேகத்தில் பாயும். நூல் செலவை என் கணக்கில் வைத்துக்கொண்ட பிறகுதான் எங்கள் குழுவில் கம்பி மாட்டுவது நின்றது. முன்பு அந்தச் செலவு மெஷின் ஓட்டுபவரின் கூலியிலிருந்து போய்க்கொண்டிருந்தது.

மெஷினால் வரும் கை நடுக்கம், காது இரைச்சல் பற்றிச் சுருக்கமாக: ஒரு டேங்க் பெட்ரோல் தீரும் வரை ஒருவர், அடுத்த டேங்க்குக்கு இன்னொருவர். கடிகாரம் பார்க்கத் தேவையில்லை. பெட்ரோல் ஊற்றும் முன் எஞ்சின் ஆறுவதற்கும் அந்த இடைவெளி போதும். காதுக்கு நுரைப் பஞ்சு அடைப்பான்.

எங்கள் குழுவில் பாதிக்கு மேல் பெண்கள். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலை செய்வது நம் ஊர்ப் பெண்கள் தாங்களே கண்டுபிடித்த பாதுகாப்பு உடை. முந்தானை வேலிச்செடி வெட்டும் மெஷினிலோ புல் வெட்டும் வண்டியிலோ சிக்காமல் இருக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. சட்டையை நாங்களே தைத்துக் கொடுக்கிறோம், முழுக்கை வைத்து. கையுறைதான் தலைவலி. கடையில் கிடைப்பது எல்லாம் ஆண்கள் கை அளவு. விரல் நுனி தொளதொளவென்று இருந்தால் களையின் வேரைப் பிடிக்க முடியாது, கத்தரிக்கோலும் நழுவும். ரப்பர் பூச்சு போட்ட மெல்லிய துணிக் கையுறை சின்ன அளவில் கிடைக்கிறது. ரோஜாவுக்கும் போகன்வில்லாவுக்கும் மட்டும் தோல் கையுறை.

மருந்து அடிக்கும் வேலைக்கு வருவோம். இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் 2017-ல் பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். அது வயல், நம்முடையது தோட்டம்தானே என்று சிலர் நினைக்கிறார்கள். செம்பருத்தி மாவுப்பூச்சிக்கு அடிப்பதும் அதே டேங்க், அதே குடும்பத்து மருந்துகள்தான்.

மருந்து டப்பாவில் சாய்சதுரமாக ஒரு வண்ண முத்திரை இருக்கும். எங்கள் ஆட்களுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது அதைத்தான், ஏனென்றால் அதற்கு எழுத்து படிக்கத் தெரிய வேண்டியதில்லை. சிவப்பு மிகக் கொடிய நஞ்சு. அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. சிவப்பும் மஞ்சளும் எங்கள் ஷெட்டுக்குள் வராது. குடியிருப்புத் தோட்டத்துக்கு அவை தேவைப்பட்டதும் இல்லை. மோனோகுரோட்டோபாஸ் 36 சதவீதத் திரவத்துக்கு மத்திய அரசு 2023-ல் தடை ஆணையே பிறப்பித்தது. மாவுப்பூச்சிக்குப் பலமாகத் தண்ணீரைப் பீய்ச்சுவது, வேப்பெண்ணெய்க் கரைசல், பூச்சி முற்றிய கிளையை வெட்டி அப்புறப்படுத்துவது என்று இந்த மூன்றிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும். "ஸ்ட்ராங்கா ஏதாவது அடிங்க" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வரும்போது, அடித்தபின் குழந்தைகளை அந்தப் பக்கம் விடக் கூடாது என்று அறிவிப்பு ஒட்ட வேண்டியிருக்கும் என்பேன். அதற்கு மேல் யாரும் வற்புறுத்துவதில்லை.

அடிக்கும்போது விஷம் உடம்புக்குள் போகும் வழி மூக்கு என்று எல்லோரும் நினைத்து முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்கிறார்கள். மூக்கு வழியாகப் போவதும் உண்மைதான். ஆனால் அதிகம் கவனிக்காத வழி தோல். முதுகில் மாட்டும் டேங்க்கின் மூடியோ வாஷரோ கசிந்தால் சட்டை நனைந்து முதுகெல்லாம் மருந்து ஊறும். வெயிலில் வியர்வை என்று நினைத்து விட்டுவிடுவார்கள். அதனால் மருந்து கலக்கும் முன் வெறும் தண்ணீர் ஊற்றி, முதுகில் மாட்டி, கொஞ்ச தூரம் நடந்து பார்க்க வேண்டும். கழுத்துத் துண்டு இன்னொரு சிக்கல். தெளிக்கும் சாரல் அதில் படியும், அதே துண்டால் முகத்தைத் துடைப்பார்கள். மருந்து அடிக்கும் நாளில் துண்டு ஷெட்டிலேயே இருக்கட்டும்.

மருந்து தெளிக்கும் முனையான நாசில் அடைத்துக்கொண்டால் அதை வாயில் வைத்து ஊதுவது நம் ஊரில் கை தானாகச் செய்யும் பழக்கம். சொல்லித் திருத்துவது கடினம். டேங்க்கின் பெல்ட்டில் ஒரு பழைய டூத் பிரஷ்ஷையும் மாற்று நாசில் ஒன்றையும் கட்டிவிட்டோம். கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் பயன்படுத்துகிறார்கள். அதேபோல மீந்த மருந்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம். இதற்குக் காரணம் பெரிய டப்பாவாக வாங்குவது. சின்ன அளவாக வாங்கினால் விலை கொஞ்சம் கூடும், ஆனால் மீதி இருக்காது. எங்கள் ஷெட்டில் குடிக்கும் தண்ணீர் பாட்டிலுக்கே இடமில்லை, தண்ணீர்க் கேன் வெளியேதான்.

காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நிற்பது, காலை நேரத்தில் அடிப்பது, தெளித்த செடிக்குள் நடக்காமல் பின்னோக்கி நகர்வது, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளிப்பது, அந்தத் துணியை வீட்டுத் துணியோடு சேர்க்காமல் துவைப்பது எல்லாம் பலருக்குத் தெரியும். குளிக்க இடம் எங்கே என்பதுதான் கேள்வி. செக்யூரிட்டிகளுக்கான குளியலறையை அந்த நாளில் எங்களுக்கும் திறந்துவிட வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் சேர்த்திருக்கிறேன்.

மருந்து அடித்தவருக்குத் தலைசுற்றல், குமட்டல், அளவுக்கு மீறிய வியர்வை வந்தால் வெயில் மயக்கம் என்று நினைத்து மோர் கொடுத்து உட்கார வைத்துவிடுவார்கள். வாயில் எச்சில் ஒழுகுகிறதா, கண்ணில் நீர் வடிகிறதா, கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பூச்சிமருந்து நஞ்சு. துணியைக் கழற்றி, சோப்பும் தண்ணீருமாக உடம்பைக் கழுவி, 108-ஐ அழைத்து, மருந்து டப்பாவையும் கையோடு கொண்டுபோக வேண்டும். என்ன மருந்து என்று தெரிந்தால்தான் மருத்துவர் நேரம் இழக்காமல் சிகிச்சை தொடங்க முடியும். டப்பா கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்று எங்கள் மேஸ்திரி கேட்டார். அன்றிலிருந்து கலக்கும் முன் லேபிளைப் போனில் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறோம்.

கண்ணுக்கு ஆபத்து பாட்டிலில் மட்டும் இல்லை. காலி மனையை ஒட்டிய மதிலோரத்தில் எருக்கு வெட்டும்போது பால் கண்ணில் தெறிக்கும். எருக்கம்பாலின் சூழ்ச்சி என்னவென்றால், முதலில் பெரிதாக வலிக்காது. பார்வை மட்டும் புகை மூட்டமாக மங்கும். வலி இல்லையே என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள். உள்ளே கருவிழி பாதிக்கப்பட்டிருக்கும். திருகுக்கள்ளிப் பால் நேர்மாறு, எரிச்சலில் கண்ணைத் திறக்கவே முடியாது. எந்தப் பாலானாலும் சுத்தமான தண்ணீரில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவிவிட்டுக் கண் மருத்துவரிடம் போக வேண்டும். தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது எல்லாம் வேண்டாம். அரளித் தழையை எரிக்கவும் கூடாது, புகையிலும் நஞ்சு உண்டு.

மின்சாரத்தைப் பற்றிப் பேசும்போது கோபம் வருவதை என்னால் அடக்க முடிவதில்லை. குடியிருப்புகளில் புல்தரைக்குக் கீழே அலங்கார விளக்குகளுக்கான கேபிள் ஓடும். எங்கே ஓடுகிறது என்பதற்கு வரைபடம் கேட்டால் பில்டரைக் கேளுங்கள் என்பார்கள். பில்டர் கட்டி முடித்துப் போய்விட்டிருப்பார். பல இடங்களில் குழாய்க்குள் போடாமல் வெறும் மண்ணில் புதைத்து, இணைப்பை இன்சுலேஷன் டேப் சுற்றி விட்டிருப்பார்கள். அதன் மேல் தினமும் நாங்கள் தண்ணீர் விடுகிறோம். அங்கேதான் கடப்பாரையும் போடுகிறோம். பகலில் விளக்கு எரியவில்லையே என்று நம்பக் கூடாது. டைமர் அணைத்திருந்தாலும் அதற்கு முந்தைய கேபிளில் மின்சாரம் இருக்கும். குழி தோண்டும் நாளில் எலக்ட்ரீஷியன் தோட்ட விளக்கு சர்க்யூட்டை மெயினிலேயே அணைத்து, போர்டில் பூட்டு போட்டு, சாவியை எங்களிடம் தர வேண்டும். அந்த சர்க்யூட்டில், மின்கசிவு வந்தால் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா, அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதா என்று பார்க்காமல் எந்த வளாகத்தையும் நான் எடுப்பதில்லை. இதற்காக ஒரு நல்ல ஒப்பந்தம் கை நழுவியது. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

மேலே போகும் கம்பிகளும் அப்படித்தான். நீட்டி மடக்கும் அலுமினியத் தொரட்டியோடு மின்கம்பிக்குப் பக்கத்தில் யாரும் போகக் கூடாது. மூங்கில் என்றால் பரவாயில்லை என்பார்கள். பச்சை மூங்கிலும் நனைந்த மூங்கிலும் மின்சாரத்தைக் கடத்தும். கிளை கம்பியைத் தொடும் அளவுக்கு வளர்ந்திருந்தால் அது மின்வாரிய வேலை. மின்னகம் எண் 94987 94987-ல் புகார் பதிந்து, அவர்கள் லைனை நிறுத்திய பிறகுதான் கிளையைத் தொட வேண்டும். தென்னை ஏறுவதும் எங்கள் வேலை இல்லை. "தோட்டக்காரர்தானே, நாலு காய் பறித்துப் போடட்டுமே" என்று அன்பாகத்தான் கேட்பார்கள். மரம் ஏறும் தொழிலாளிகள் தனி, அவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேர சுரக்ஷா என்ற காப்பீடே தனியாக இருக்கிறது.

வெயிலுக்கு வருகிறேன். மே மாதம் 4-ம் தேதி வாக்கில் கத்திரி தொடங்கி 28 வரை இருக்கும். ஆனால் ஓ.எம்.ஆரில் கத்திரிக்கு முன்னாலேயே கண்ணாடிக் கட்டடங்கள் வெயிலைத் திருப்பி அடிக்கும், கீழே கான்கிரீட் கொதிக்கும். கடலோர ஈரக்காற்றில் வியர்வை காயாது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும் என்பதால் மதுரை வெயிலைவிடக் குறைந்த டிகிரியிலேயே சென்னையில் ஆள் சுருண்டுவிடுவார். வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதுவரை இது தலைவிதி என்று விட்டுவிடும் விஷயமாகத்தான் இருந்தது.

கோடையில் காலை 6 மணிக்குத் தொடங்கி 10 மணிக்கு நிறுத்திவிட்டு, மாலை மூன்றரைக்கு மேல் திரும்பத் தொடங்குகிறோம். 6 மணிக்கு மெஷின் சத்தம் வந்தால் குடியிருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். அதுவும் நியாயம்தான். எனவே களை எடுப்பது, பாத்தி கொத்துவது, தண்ணீர் விடுவது எல்லாம் முதல் இரண்டு மணி நேரத்தில். மெஷின் 8 மணிக்கு மேல். இடையில் வரும் நீண்ட ஓய்வுக்கு யாரும் காசு தர மாட்டேன் என்றார்கள். மணிக்கணக்கை விட்டுவிட்டு, மாதத்துக்கு இன்னின்ன வேலை முடிய வேண்டும் என்று ஒப்பந்தத்தை மாற்றி எழுதிய பிறகுதான் இந்தப் பிரச்சினை ஓய்ந்தது.

தண்ணீர் குடியுங்கள், உப்புக்கரைசல் குடியுங்கள் என்று எவ்வளவு சொன்னாலும் பெண்கள் குடிக்காமலே இருந்தார்கள். ஓர் அக்காவிடம் தனியாகக் கேட்டேன். "குடிச்சா எங்கம்மா போறது?" என்றார். ஆண் சூப்பர்வைசரிடம் இதைச் சொல்லியிருக்கவே மாட்டார். நூற்றுக்கணக்கான வீடுகள் இருக்கும் வளாகத்தில், தோட்டத்தில் வேலை செய்யும் பெண்களுக்கு ஒரு கழிவறை இல்லை. கிளப் ஹவுஸில் இருப்பது குடியிருப்பவர்களுக்கு மட்டும். காலையிலிருந்து மாலை வரை அடக்கிக்கொண்டு, அதற்காகத் தண்ணீரையும் குறைத்துக்கொண்டு, வெயிலில் உட்கார்ந்து களை பறிக்கிறார்கள். சிறுநீர்த் தொற்றும் கல்லும் பிறகு வராமல் என்ன செய்யும்? ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வாங்குவதற்கு முன்னால் கழிவறைச் சாவி வாங்க வேண்டும். இப்போது கழிவறை இல்லாத இடத்துக்குப் பெண்களை அனுப்புவதில்லை என்று கொட்டேஷனின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன். முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனாலும் பெரும்பாலோர் எங்காவது ஒரு கதவைத் திறந்துவிட்டார்கள்.

வெயிலில் ஒருவர் உளறினாலோ, தள்ளாடினாலோ, உடம்பு அனலாகக் கொதித்தாலோ ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல் நிழலுக்குக் கொண்டுபோய்த் தலையிலிருந்து கால் வரை தண்ணீரை ஊற்றி விசிற வேண்டும். தோட்டத்தில் நம்மிடம் தண்ணீர்க் குழாய் எப்போதும் கையில் இருக்கிறது, அது பெரிய வசதி. நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள்.

பாம்பைப் பற்றி இவ்வளவு நேரம் பேசாதது சிலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். வேலைக்கு வருபவர்கள் முதலில் கேட்பதே அதைத்தான். எங்கள் பக்கம் சாரையும் தண்ணீர்ப்பாம்பும்தான் அடிக்கடி கண்ணில் படும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கும் தமிழ்நாட்டில் உண்டு, நாலுக்கும் ஒரே விஷமுறிவு மருந்து. அதைத் தயாரிக்கத் தேவையான விஷத்தை எடுத்துக் கொடுக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கம் எங்களுக்குப் பக்கத்திலேயே, ஈ.சி.ஆரில் வடநெம்மேலியில் 1978-லிருந்து இயங்குகிறது. எங்களிடம் உள்ள விதி எளிது: முதலில் வாரி (சருகு வாரும் பல் வைத்த கருவி), பிறகுதான் கை. சருகுக் குவியலையோ, தொட்டி அடியையோ, அடுக்கிய செங்கல்லையோ வெறும் கையால் கிளறக் கூடாது. வாரிய சருகை அன்றே அப்புறப்படுத்த வேண்டும், ஒரு ராத்திரி கிடந்தாலே குடியேறிவிடும். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. மோதிரம், மெட்டி, கொலுசு இருந்தால் வீங்கும் முன் கழற்றிவிட்டு, எலும்பு முறிந்த கையையோ காலையோ அசையாமல் வைப்பது போல வைத்து, அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கட்டுவிரியன் கடி வலிக்காமலேகூட இருக்கும், அதனால் வலி வரட்டும் என்று காத்திருப்பது உயிரோடு விளையாடுவது. தமிழ்நாட்டில் 2024 நவம்பர் முதல் பாம்புக்கடி, மருத்துவமனைகள் அரசுக்கு அறிவித்தே ஆக வேண்டிய நோய்ப் பட்டியலில் இருக்கிறது.

கதண்டு என்னும் பெரிய குளவியின் கூட்டை எங்கள் ஆட்கள் யாரும் கலைப்பதில்லை. தீயணைப்புத் துறைக்குச் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் கயிறு கட்டிவிடுவோம்.

பாம்பைவிட எனக்கு அதிகக் கவலை கால்கள். எங்கள் குழுவில் ஐம்பதைத் தாண்டிய பலருக்குச் சர்க்கரை இருக்கிறது. பாதத்தில் உணர்ச்சி மங்கியிருப்பதால் முள் தைத்தது தெரியாமலே நாள் கணக்கில் நடப்பார்கள். ஈர மண்ணில் இருக்கும் கிருமியால் வரும் மெலியாய்டோசிஸ் என்ற நோயும் சர்க்கரை உள்ளவர்களைத்தான் அதிகம் பிடிக்கும். கம்பூட்ஸ் கொடுத்தால் வியர்வையில் புண்ணாகிறது என்று கழற்றிவிடுகிறார்கள். அதனால் சேற்று வேலைக்கு மட்டும் பருத்திச் சாக்ஸோடு கம்பூட்ஸ், மற்ற நாளில் சாதாரண கேன்வாஸ் ஷூ என்று பிரித்துவிட்டோம். சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது காலைக் கழுவிவிட்டு வந்து உள்ளங்காலைக் காட்ட வேண்டும். முதலில் சிரித்தார்கள், பிறகு அவர்களே ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். டெட்டனஸ் வராமல் தடுக்கும் டி.டி. ஊசி 10 வருடத்துக்கு ஒரு முறை. அழுக்கான ஆழ்ந்த காயம் என்றால் 5 வருடம் தாண்டியிருந்தாலே மருத்துவர் திரும்பப் போடச் சொல்வார். யாருக்கு எப்போது போட்டது என்பது நினைவில் நிற்காது, ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்த பிறகு சேறு அள்ளப் போனபோது எலிக்காய்ச்சல் பயம் இருந்தது. காலில் புண் உள்ளவர்களை அந்த வேலைக்கு அனுப்பவில்லை. மற்றவர்களுக்கு மாத்திரை தேவையா என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு முடிவு செய்தோம்.

கடைசியாகக் காகித வேலை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் நிறுவனம் என்றால் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு கட்டாயம். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். பிடித்தம் என்றாலே முகம் சுருங்குபவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: அதிகாலையில் வேலைக்கு வரும் வழியில் பைக் சறுக்கி விழுந்தாலும் அது வேலைக் காயமாகவே கணக்கில் வரும், படுக்கையில் இருக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். தனியாக வேலை செய்யும் தோட்டக்காரர்கள் வங்கியில் பிரதமர் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். வருடத்துக்கு 20 ரூபாய், விபத்தில் உயிர் போனால் 2 லட்சம். ஜூன் 1-ல் புதுப்பிப்பார்கள், மே கடைசியில் கணக்கில் அந்த 20 ரூபாய் இல்லையென்றால் காப்பீடு நின்றுவிடும். சம்பளத்தை முழுவதும் எடுத்துவிடும் நம் ஆட்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது.

பாம்புக்கடிக்கும் மரத்திலிருந்து விழுவதற்கும் இந்தக் காப்பீட்டில் பணம் வாங்க, உடனடியாக மருத்துவமனையில் பதிந்த ஆவணம் வேண்டும். அரசு மருத்துவமனையில் ஏ.ஆர். என்ற விபத்துப் பதிவு போடும்போது எங்கே, என்ன வேலை செய்யும்போது, எப்படி நடந்தது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். பதற்றத்தில் கூடப் போனவர் "வீட்டில் வழுக்கி விழுந்தார்" என்று சொல்லிவிட்டால் பிறகு அதை மாற்ற அலைய வேண்டியிருக்கும். சில இடங்களில் அப்படிச் சொல்லச் சொல்லி மேனேஜர்களே கூட ஆள் அனுப்புவார்கள். அதனால் அடிபட்டவரோடு எப்போதும் எங்கள் குழுவிலிருந்து ஒருவர் போவார். ஏ.ஆர். எண்ணைக் குறித்துக்கொண்டு, சீட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பிய பிறகுதான் அவர் அங்கிருந்து கிளம்புவார்.